ஐஸின் பெயர் சொல்லாத அண்ணி

நான் நாத்தனார். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றிப் பேச வாயெடுத்தால், ஏதோ சண்டை வரப்போகிறது என்று கேட்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். சண்டை எதுவும் இல்லை. போடவேண்டியதையெல்லாம் இத்தனை வருடத்தில் போட்டு முடித்தாகிவிட்டது.

என் பெயர் குல்சிம். ஓஸ்கெமெனில் உல்பா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடக்கிற நாளில், அளவு கொடுக்க வந்த பெண்கள்கூடக் கையை விரித்தபடியே நின்று வர்ணனை கேட்பார்கள். "இது உன் அண்ணி குரல்தானே?" என்பார்கள். "ஆமா, வீட்டுலயும் இதே சத்தம்தான். அங்க வால்யூம் குறைக்கிற திருகு கெடையாது" என்பேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அதை வெளியே காட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

அண்ணி பெயர் அக்மரால். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் எங்களுக்குள் நீ, வா, போ தான்.

அவள் வளர்ந்தது எங்கள் ஊரின் தொழிற்சாலைப் பக்கத்துக் குடியிருப்பில். முதல் உறைபனி விழுந்ததும் அங்கே ஆண்கள் ரப்பர் குழாயைப் பிடித்து முற்றத்தில் தண்ணீர் விடுவார்கள். விடிந்தால் ஆடுகளம் தயார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே சறுக்கப் பழகுவார்கள் என்று பெருமையடிப்பார்கள். பொய். முதலில் விழத்தான் பழகுவார்கள். அக்மராலை அவளுடைய அண்ணன்மார் காலில் தலையணையைக் கட்டிக் கோல் வாசலில் நிறுத்தினார்கள். பெண் என்றால் ஓரிடத்தில் நிற்கத்தான் லாயக்கு என்று அவர்களுக்கு எண்ணம். பந்துக்குப் பதில் அடித்து ஆடுகிற ரப்பர் வட்டை ஒரு குளிர்காலம் முழுக்க உடம்பில் வாங்கிக்கொண்டு நின்றாள். அடுத்த வருடம் தலையணையை அவிழ்த்து அண்ணன் தலையில் போட்டுவிட்டு, "இனிமே நீ நில்லு, நான் ஓடுறேன்" என்றாளாம். ஓட ஆரம்பித்தவள்தான்.

நகரத்தில் பெண்களுக்கென்று ஓர் அணி தொடங்கினபோது முதலில் எடுத்த பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. அதையே தொழிலாகக் கொண்டு வருடக்கணக்கில் ஆடினாள். தற்காப்பு ஆட்டக்காரி. எதிரணிக்காரி ஒருத்தி வேகமாக வந்தால் இவள் நடுவில் போய் நிற்பாள். வந்தவள் சுவரில் மோதிய ஈ போல அப்படியே கீழே உட்காருவாள். சைபீரியப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ரயிலில் போய் ஆடிவிட்டு வருவார்கள். அப்படிப் போன ஓர் ஊரில் முன்பல் ஒன்று போய்விட்டது. பல்லைத் தேடுவதா, வட்டைத் தேடுவதா என்று ஒரு கணம் யோசித்து வட்டைத் தேடிப் போனாளாம்.

என் அண்ணன் கனாத் எங்கள் ஊர் ஆடுகளத்தில் விளக்குப் பழுது பார்க்கிறவன். ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தபோது இவள் அடித்த வட்டு ஏணிக்காலில் பட்டது. கீழே விழாமல் தொங்கிக்கொண்டு, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினான். "நீதான் பல்பு மாட்டல, எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். வாயாடியைக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் பொழுதுபோகும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த கோடையில் கல்யாணம்.

இனிமேல்தான் விஷயம்.

எங்கள் ஜனங்களில், வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அவர் பெயர் மட்டுமில்லை. கொழுந்தன், நாத்தனார், செத்துப்போன பெரிய தாத்தா வரை யார் பெயரும் ஆகாது. ஆளுக்கொரு பட்டப்பெயரை அவளே வைத்துக் கூப்பிட வேண்டும். என் தம்பிக்குச் 'சின்னத் துரை' என்று வைத்தாள். எனக்குச் 'சுருட்டை'. அவனுக்குத் துரைப் பட்டம், எனக்கு முடி! அந்தச் சண்டை ஒரு மாதம் ஓடியது. இப்போதெல்லாம் பாதி வீடுகளில் இந்த வழக்கத்தைக் காற்றில் விட்டாகிவிட்டது. எங்கள் அம்மா விடுகிற ஆள் இல்லை. பெயரைச் சொல்லக் கூடாது என்பதோடு நிற்காமல், பெயருக்குள் ஒளிந்திருக்கிற வார்த்தையையும் சொல்லக் கூடாது என்பாள்.

எங்கள் அப்பா பெயர் முஸ்திபாய். முஸ் என்றால் எங்கள் மொழியில் ஐஸ்.

உறைந்த ஸைசான் ஏரியைப் பனிவண்டியில் கடக்கும்போது அவருடைய அம்மாவுக்கு வலி கண்டு, ஏரி நடுவிலேயே பிறந்தவர். அதனால் அந்தப் பெயர். உலகத்தில் இத்தனை வீடு இருக்க, ஐஸ் ஹாக்கி ஆடுகிற பெண்ணுக்கு ஐஸ் என்ற பெயருள்ள மாமனார் வாய்த்தார். தலையெழுத்து என்று ஒன்று இருக்கிறதோ இல்லையோ, அதை எழுதுகிறவனுக்கு நக்கல் புத்தி உண்டு.

ஆடுகளத்தில் சிக்கல் இல்லை. அங்கே எல்லாம் ரஷ்ய மொழிதான். பயிற்சியாளர் திட்டுவது, வட்டு காலில் பட்டால் அலறுவது எல்லாமே. ரஷ்ய மொழியில் ஐஸுக்கு வேறு வார்த்தை. அதை ஆயிரம் தடவை சொன்னாலும் அப்பா பெயருக்கு ஒன்றும் ஆகாது. வீட்டு வாசல் தாண்டினால் எங்கள் மொழி. அங்கே அவள் வாய்க்குப் பூட்டு.

முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, அம்மா பால் வாங்கக் கிளம்பினாள். ராத்திரி பெய்தது வாசற்படியில் உறைந்து கிடந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த அண்ணி பதறிப்போய்க் கத்தினாள்.

"அத்தே! பாத்து! வாசல்ல மாமா பேர்க்காரர் கெடக்கார்!"

அம்மா காதில் விழுந்தது 'மாமா கெடக்கார்' என்பது மட்டும்தான். "ஐயோ, அவருக்கு என்னாச்சு!" என்று கேனைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிய வேகத்தில் மூன்று படியையும் உட்கார்ந்த வாக்கிலேயே இறங்கினாள். சத்தம் கேட்டு அப்பா படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து, "யாரு விழுந்தது?" என்று கேட்டார்.

"நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று தரையில் உட்கார்ந்தபடியே அம்மா கேட்டாள். "உங்க பேரு இருக்கே, அது என்னத் தள்ளிவிட்ருச்சு!"

விழுந்தது மருமகளாக இருந்திருந்தால் கண் எங்கே போச்சு என்று கேட்டிருப்பாள். விழுந்தது தான் என்பதால் குற்றம் முழுவதும் ஐஸின் மேல் போனது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

சிரிப்பு வராத நாளும் வந்தது. கல்யாணமான அந்தக் குளிர்காலத்திலேயே அணி வெளியூர் கிளம்பியது. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து விட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் பெரியம்மா எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"புதுப்பொண்ணு தலைல முக்காடு போடணும். இவ தலைல ஹெல்மெட் மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறாளே. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

அம்மா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். கனாத் தரையைப் பார்த்தான். அண்ணி கதவுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பைகளோடு நின்றாள். உள்ளே வரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அப்பா லாரி ஓட்டியவர். பேச்சிலும் மேட்டில் ஏறுகிற லாரி மாதிரிதான், மெதுவாக.

"மதினி, இந்தப் பொண்ணு என் பேரைச் சொல்றதில்ல," என்றார் பெரியம்மாவிடம். "வாய் தவறிக்கூடச் சொன்னதில்ல. ஆனா என் பேரு மேல ஏறி ஓடுவா. ஓடட்டுமே. எனக்கு ஒண்ணும் வலிக்கல."

பெரியம்மாவுக்குப் பவுர்சாக் தொண்டையில் நின்றது. கதவுக்குப் பின்னால் அண்ணி அழுதாள். பல் போனபோது அழாதவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறுக்கே சொன்னதில்லை. அவள் ஊருக்குப் போனால் அம்மா அவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தாள். முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனாலும் செய்தாள்.

முட்டி உடைந்த பிறகு ஆட்டம் நின்றது. வைத்தியர் வேண்டாம் என்றார். ஒரு வருடம் அவள் பேச்சையே மறந்துவிட்டாளோ என்று நினைத்தோம். சமையலறை ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். எதற்கும் ம், ம்ஹும் தான். அப்புறம் உள்ளூர் வானொலியில் ஹாக்கி வர்ணனை சொல்லும் ரஷ்யக்காரர் ஒருவர், ஒரு ஆட்டத்துக்குத் துணைக் குரலாக வந்து பாரேன் என்று கூப்பிட்டார். போனாள். வட்டு எங்கே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இவள் அடுத்து எங்கே போகப்போகிறது என்று சொன்னாள். அது அங்கேயே போனது. அந்த மனிதர் மறுவாரமும் கூப்பிட்டார். அப்படியே சில வருடம் ரஷ்ய மொழியில் துணைக் குரல். அப்பாவுக்கு ரஷ்ய மொழி லாரிக்கு வேண்டிய அளவுதான் தெரியும். இருந்தாலும் மருமகள் குரல் கேட்கிறதே என்று கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் அவருக்குக் கண்புரை முற்றி, டிவி வெறும் வெளிச்சமாகிவிட்டது. ரேடியோதான் துணை. அம்மாவும் அந்த வருடங்களில்தான் போய்ச் சேர்ந்தாள்.

அப்போது வானொலிக்குப் புது நிர்வாகியாக யெல்தோஸ் என்ற இளைஞன் வந்தான். நல்ல பையன், மொழி மேல் பைத்தியம். அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"அக்கா, கிராமத்துப் பக்கம் எல்லாரும் நம்ம பாஷையில ஹாக்கி கேக்கணும்னு உயிர விடுறாங்க. இந்தப் பருவம் முழுக்க நம்ம பாஷையில ஒரு வர்ணனை. துணைக் குரல் இல்ல. மைக் உங்களுக்குத்தான்."

அண்ணி என் கடைக்கு ஓடிவந்தாள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். குண்டூசிப் பெட்டி கொட்டியது. அப்புறம் சட்டென்று என்னைக் கீழே இறக்கிவிட்டு, முகம் வெளுத்து நின்றாள்.

"சுருட்டை... நம்ம பாஷையில."

"அதுக்கென்ன? உனக்கென்ன நம்ம பாஷை வராதா?"

"மாமா பேரு."

நான் குண்டூசி பொறுக்குவதை நிறுத்திவிட்டேன். ஐஸ் ஹாக்கியில் ஐஸ் என்று சொல்லாமல் எப்படி வர்ணனை சொல்வது? வட்டு ஓடுவது அதன் மேல். ஆள் விழுவது அதன் மேல். ஆடுகளத்துக்கு எங்கள் மொழியில் பெயரே முஸ் மாளிகை.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பருவம் தொடங்கும் முன் நடந்த நட்பு ஆட்டங்களில் ஐஸுக்குப் பதில் 'கண்ணாடி' என்று சொல்லிப் பார்த்தாள். "கண்ணாடி மேல வட்டு பறக்குது! கண்ணாடியக் கீறிக்கிட்டு வர்றான் பாருங்க!" கேட்க அழகாகத்தான் இருந்தது. கடைக்கு வந்த ஒரு பெண், "கவிதை மாதிரி இருக்குடி" என்றாள். அண்ணிக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் அணியின் கோல்கீப்பர் ஒரால்பெக் வாசலில் சரிந்து விழுந்தான். அண்ணி அடித்தொண்டையில் கத்தினாள்: "ஒரால்பெக் கண்ணாடி மேல விழுந்துட்டான்! எந்திரிக்கல! கண்ணாடி மேலயே கெடக்கான்!"

அதை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் அவனுடைய அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் கண்ணாடி குத்திக் கிடக்கிறான் என்றுதானே நினைப்பாள்? பக்கத்து வீட்டுக்காரனைக் காரைக் கிளப்பச் சொல்லி, அழுதபடியே வந்து சேர்ந்தாள். மடி நிறையக் கட்டுத்துணி. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் சிரித்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கி, "எங்கடா குத்துச்சு, காட்டு!" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். காயம் இல்லை என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். பயம் போனால் கோபம் வரும், தாய்க்கு அதுதான் வழக்கம்.

ஊரே சிரித்தது. யெல்தோஸ் சிரித்து முடித்துவிட்டு அண்ணியிடம் சொன்னான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. அந்தம்மா வழியெல்லாம் அழுதுகிட்டு வந்திருக்காங்க. கேக்கறவங்களுக்கு நம்ம வாய்தான் கண்ணு. அதுல பொய் இருக்கக் கூடாது. முஸ்ஸை முஸ்னு சொல்லுங்க. முடியலன்னா சனிக்கிழம முதல் ஆட்டத்துக்கு நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். தப்பாகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்போம்.

அன்று சாயங்காலம் சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தார். கனாத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரே ஒரு சின்ன வார்த்தை, அவ்ளோதான். சொல்லித் தொலையேன். அம்மாவும் போயிட்டாங்க. இனிமே யாரு வந்து கேக்கப் போறா?"

"அத்தை போனப்புறம் சொன்னா, அவங்க இருந்தப்போ பயந்துக்கிட்டு இருந்தேன்னு ஆயிரும்," என்றாள் அண்ணி. "நான் பயந்து சொல்லாம இல்ல."

"பின்ன எதுக்கு?" என்றேன் நான். "ஊருல எந்த மருமக இப்பல்லாம் இதப் பாக்குறா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, டீ வேணுமானு கேக்குறாளுங்க."

அவள் முட்டியைத் தடவிக்கொண்டே பேசினாள். "சுருட்டை, என்கூட ஆடின பொண்ணுங்க எத்தன பேரு கல்யாணத்தோட மட்டையை மூலைல வச்சாங்க தெரியுமா? என்ன விட நல்லா ஆடினவளுங்க. என்ன மட்டும் இந்த வீடு போன்னு விட்டுச்சு. மாமா வாயத் தொறந்து சொன்னாரு, அத்தை என் பாத்திரத்தையும் சேத்துக் கழுவுனாங்க. இந்த வீடு எனக்கு மொத்த ஐஸையும் குடுத்துச்சு. நான் பதிலுக்கு ஒரு வார்த்தையக் குடுத்தேன். அவ்வளவுதான் என்னால குடுக்க முடிஞ்சது. அத எப்படித் திருப்பி எடுக்குறது?"

அதில் வந்த 'ஐஸ்' என்பதைக்கூட ரஷ்ய மொழியில்தான் சொன்னாள்.

"அப்ப மைக்?" என்றேன்.

"வேணும்," என்றாள். "ரொம்ப வேணும்டி. கால் போனப்போ நான் செத்துட்டேன்னுதான் நெனச்சேன். அந்த மைக்குக்கு முன்னாடி உக்காந்தப்பதான் உசிரு திரும்பி வந்துச்சு. அது போச்சுன்னா மறுபடியும் அந்த ஜன்னல்தான்."

எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துச் சொல்வார்கள். அது அப்போது எங்களுக்கு நினைவில்லை.

மறுநாள் காலை தேநீர் நேரத்தில் அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தார்.

"அக்மரால், டீயை வச்சுட்டு உக்காரும்மா."

உட்கார்ந்தாள்.

"பெய்செம்பாய் எப்பப் போனான்?"

பெய்செம்பாய் அப்பாவோடு லாரி ஓட்டியவர். பால்ய சிநேகிதர்.

"வசந்தத்துல மாமா."

"தெனம் காலைல போன் பண்ணுவான். எடுத்ததும் 'முஸ், உசிரோட இருக்கியா?'ம்பான். 'இன்னும் உருகலடா'ன்னு நான் சொல்லணும். அவ்வளவுதான் பேச்சு. போன வச்சுருவான். இத்தன வருஷமா அதுதான். சின்ன வயசுல எங்கம்மாவும் என்ன அப்படித்தான் கூப்பிடுவா. முழுப்பேரு சொல்ல மாட்டா. ஏரிக்கரைல நின்னுக்கிட்டு 'முஸ், முஸ்'னு கத்துவா." அப்பா கோப்பையைத் தேடினார். நான் கையில் எடுத்துக் கொடுத்தேன். "இப்ப என்னப் பேரு சொல்லிக் கூப்பிட இந்த உலகத்துல ஒரு ஆளு இல்லம்மா. நீங்கல்லாம் அப்பாங்குறீங்க. பேரப்பசங்க தாத்தாங்குது. ஆஸ்பத்திரில பெரியவரேங்குறாங்க. மரியாதைதான். வயிறு நெறைய மரியாதை. ஆனா காலைல எந்திரிச்சா, யாரு எந்திரிச்சதுன்னே தெரிய மாட்டேங்குது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் அவர் பெற்ற பெண். தினமும் அவருக்குச் சூப் ஊற்றிக் கொடுப்பவள். இது ஒரு குறை என்று ஒரு நாள்கூட என் புத்தியில் பட்டதில்லை.

"ராத்திரி நீ பேசுனது கேட்டுச்சு," என்றார் அப்பா. "நீ குடுத்தது எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். இத்தன வருஷம் என் பேர நீ பத்திரமா வச்சிருந்த. போதும்மா. இப்ப கொஞ்சம் வெளில எடு. கேக்கணும்போல இருக்கு."

ஆசீர்வாதம் சொல்ல இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். நாங்களும் விரித்தோம். "உன் கால் வழுக்குன எடத்துல உன் நாக்கு வழுக்காம இருக்கட்டும். உன் சத்தம் எட்டாத வீடு இல்லாம இருக்கட்டும். ஆமின்." முகத்தைத் தடவிக்கொண்டோம்.

"எங்க, சொல்லு பாப்போம்," என்றார்.

அண்ணி வாயைத் திறந்தாள். "மு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. இருபது வருடம் மடங்கியே பழகின நாக்கு. மறுபடி முயன்றாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "முடியல மாமா. மன்னிச்சிருங்க."

அப்பா சிரித்தார். "இங்க வேணாம் விடு. நேர்ல பாத்தா யாருக்கும் வராது. அங்க போய்ச் சொல்லு."

சனிக்கிழமை கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்தேன். கனாத் ஆடுகளத்தில் இருந்தான். சமையலறையில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பண்டிகைக்குப் போடுகிற தொப்பியை வைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். "எங்கப்பா கெளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். "பேசாம உக்காரு" என்றார்.

அண்ணியின் குரல் வந்தது. ஊருக்கும் ஆற்றங்கரை ஜனங்களுக்கும் வணக்கம் சொன்னாள். எங்கள் அணிப் பெயர் மார்க்காகோல், எதிரே யார், யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் மளமளவென்று சொன்னாள். கூட்டத்தின் சத்தம் பின்னால் கேட்டது. அடுத்து களம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வர்ணனையில் அதைச் சொல்லாமல் ஆட்டத்துக்குள் போகவே மாட்டாள். ஆடின கால் அப்படி.

"இன்னைக்கு..." என்றாள். நின்றுவிட்டாள்.

ரேடியோவில் மௌனம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் யெல்தோஸ் உட்கார்ந்திருப்பான், அவன் கை இன்னொரு மைக்கின் மேல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லுடி என்று பல்லைக் கடித்தேன். கண்ணாடி என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அப்பா தலையை ரேடியோ பக்கம் சாய்த்திருந்தார்.

"...முஸ்," என்றாள் அண்ணி.

சின்னக் குரல். கல்யாணப் பெண்ணின் குரல். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள், இந்தத் தடவை ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கும்படி:

"முஸ்!"

"ஆங்!" என்றார் அப்பா.

யாரோ தெருவிலிருந்து கூப்பிட்டால் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுக்கிற சிறுபிள்ளை மாதிரி, சட்டென்று. நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அழுகை வந்துவிட்டது.

"இன்னைக்கு முஸ் நல்லா இருக்கு," என்றாள் அண்ணி. "கெட்டியா இருக்கு. ஒரு கீறல் இல்ல."

"நல்லா இருக்கேன்மா," என்றார் அப்பா ரேடியோவிடம். "நல்லா இருக்கேன்."